டாங்கிக்காகப் பிடுங்கிய வெங்காயம்

திண்டுக்கல்லில் இறங்கிய அன்றே எனக்குச் சண்டை வந்துவிட்டது. தண்ணீருக்காக. ரயிலடிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர் செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குடிக்கிறதுக்காண்ணே, கை கழுவுறதுக்கா? முன்னாடியே சொல்லிருங்க" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைத் தம்ளர் ஊற்றினார். "அம்புட்டுத்தான். சித்திரை மாசம்ணே."

ரங்கூனில் எங்கள் தெருவில் குழாயைத் திருகினால் கொட்டும் என்று சொன்னேன். "அப்ப அங்கயே கை கழுவிட்டு வந்திருக்கலாம்ல" என்றார் அவர். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வெஞ்சனமாக வைத்த கத்தரிக்காய்ப் புளிக்கூட்டு அபாரமாக இருந்ததால் எழுந்து போக மனம் வரவில்லை. திட்டிக்கொண்டே இரண்டாம் சோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் பிறந்தது சாணார்பட்டிப் பக்கம். நடக்கத் தெரியும் முன்பே பர்மாவுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். யுத்தத்தில் ஓடிவந்து, முடிந்ததும் திரும்பிப் போய், ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்டேன். ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு சித்திரையில், தங்கையின் கல்யாணத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு கப்பலேறினேன். லீவில் ஊருக்குப் போகிறவன் தலையில் எல்லாரும் எதையாவது கட்டிவிடுவார்கள். என் தலையில் கட்டியது ஒரு தகர டப்பா.

கட்டியவர் என்னோடு வேலை பார்க்கும் தங்கவேலு. அவருடைய அப்பா பழனிப் பக்கம் கீரனூரில் இருந்தார். முப்பது வருஷம் பர்மாவில் இருந்த மனிதர், யுத்தத்தின்போது ஊர் திரும்பியவர், ஙப்பி இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று கடிதத்துக்குக் கடிதம் புலம்புகிறவர். ஙப்பி என்பது மீனை உப்பில் ஊறப்போட்டு இடித்த விழுது. பர்மாக்காரர்களுக்கு அது அமிர்தம். மற்றவர்களுக்கு அதன் வாசனை எப்படி இருக்கும் என்பதைப் பிறகு பஸ்ஸில் தெரிந்துகொண்டேன். டப்பாவின் வாயை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். தெற்கத்தி வெயிலில் அந்த ஈயம் தன் வேலையை விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் கடைவீதியில் சுற்றினேன். தோல் ஷாப்புகளின் வாடை ஒரு பக்கம், புகையிலை வாசனை ஒரு பக்கம். சுருட்டுக் கடையில் என் சட்டைப் பையிலிருந்த பர்மாச் சுருட்டை எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்து, "இது சுருட்டாய்யா? சோளத் தட்டைக்குள்ள வச்ச வைக்கோல். ஒரு திண்டுக்கல் சுருட்டு பிடிச்சுப் பாருங்க, செத்த நேரம் எந்திரிக்க மாட்டீக" என்றார். ரோஷத்தில் ஒரு கட்டு வாங்கினேன். கட்டை அவிழ்ப்பதற்குள் மலைக்கோட்டைக்கு மேல் வானம் சிவந்துவிட்டது. அழகான ஊர்தான். தண்ணீர் மட்டும் கொடுத்தால் நான் எதையும் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை பழனி பஸ். ஏறிப் பத்து நிமிஷத்துக்குள் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருய்யா கருவாட்டுக் கூடைய உள்ள ஏத்துனது?" என்று சத்தம் போட்டார். கருவாடு இல்லை, பர்மாச் சாமான் என்று விளக்கினேன். மல்லிகைக் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், "அது எந்தச் சாமானா இருந்தா எனக்கென்ன அப்பு? என் பூவுல பாதி நாறிப்போச்சு. இத யாரு வாங்குவா?" என்று அடித்தொண்டையில் கத்தினார். என்னையும் டப்பாவையும் கடைசி சீட்டுக்குத் தள்ளினார்கள். கடல் கடந்து நாலு நாள் கப்பலில் வந்த டப்பா. அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே சொந்த ஜனங்கள் இப்படி!

ரெட்டியார்சத்திரத்தில் இன்ஜின் ஆவி விட்டது. கிளீனர் ஓடிப்போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மனிதனுக்கு அரைத் தம்ளர், இன்ஜினுக்கு இரண்டு வாளி என்று நான் சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பியிருந்தார்கள்.

ஒட்டன்சத்திரத்துக்குச் சில மைல் இருக்கும்போது பஸ் நின்றது. முன்னால் ஒரு காட்டாறு. அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்து வளைவுப் பாலம். கண்டக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாலத்துக்கு அங்கிட்டு மிலிட்டரி லாரி வழிய அடைச்சு நிக்குது. எல்லாரும் எறங்கிக்கங்க. எப்பக் கெளம்பும்னு என்னையக் கேக்காதீக" என்றார். "அந்த டப்பாவையும் எறக்கிருங்க சார். வெயில்ல வண்டிக்குள்ள வச்சா வெடிச்சிரும்."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் மினுங்கியது. அக்கரையில் நின்றதை லாரி என்று சொன்னது கண்டக்டரின் பெருந்தன்மை. முன்னால் ஒரு வண்டி, அதன் மூக்கே என் தலைக்கு மேல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட இழுவை மேடை. சக்கரங்களை எண்ணினேன். மேடைக்கு மட்டும் இருபத்துநாலு, முன்வண்டிக்குப் பத்து. மேடையின் மேல், நாலு பக்கமும் சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு டாங்கி. மேடையின் வால்பக்கம் இரண்டு கனத்த இரும்புச் சறுக்குப் பலகைகளை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ஒரு தெருவே நகர்ந்து வந்து நிற்கிறதோ என்று தோன்றியது.

கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்குப் போகிறதாம். மதுரையில் ஏதோ பொருட்காட்சி. அதில் ஜனங்கள் பார்ப்பதற்காக ஒரு டாங்கி. ரயிலில் ஏற்றாமல் ரோட்டில் ஏன் என்று கூட்டத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். வழியிலுள்ள ஜனங்களும் பார்க்கட்டும் என்று மேலிடத்தில் உத்தரவாம். ஆக, இவ்வளவும் வேடிக்கைக்கு! வழியில் இதற்காகச் சாலையோரப் புளியமரங்களின் கிளைகளை வெட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். மனிதர்கள் நிழலில் நடப்பதற்கு நட்ட மரங்கள்.

ஜனங்களும் பார்த்தார்கள். பார்த்ததோடு விடவில்லை. முன்சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. முன்வண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். யாரோ ஏறி, டாங்கியின் பீரங்கிக் குழாயில் செவ்வந்தி மாலை ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கற்பூரத்தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரங்கூனில் டாங்கி வருகிற சத்தம் கேட்டால் நாங்கள் அடுப்பை அணைக்காமல்கூட ஓடினோம். இவர்கள் சூடம் காட்டுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "பெரிய வண்டிங்க. நல்லபடியாப் போய்ச் சேரட்டுமுங்க" என்றார் பெரியவர். அவரிடம் என்ன சண்டை போடுவது?

வண்டியின் நிழலில் ஒரு சர்தார்ஜி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள, தாளோடு பிடுங்கிய சின்ன வெங்காயம். நான் பக்கத்தில் போனதும் ரொட்டியை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். "பர்மா!" என்றார். யுத்தத்தில் அங்கே இருந்தாராம். இந்த நாற்றத்தை அடுத்த பிறவியிலும் மறக்கமாட்டேன் என்று இந்துஸ்தானியில் சொல்லிச் சிரித்தார். ரங்கூன் பஜாரில் வளர்ந்தவனுக்கு இந்துஸ்தானி தாய்ப்பால் மாதிரி. நானும் அதே பாஷையில் பொழிந்தேன். சுற்றி நின்றவர்கள் என்னை வாய் பிளந்து பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு திண்டுக்கல் சுருட்டை எடுத்து அவரிடம் நெருப்புக் கேட்டேன். தீப்பெட்டியைத் தட்டிக் கொளுத்தி, கை பொத்திப் பற்றவைத்தார்.

வண்டியை ஓட்டுகிறவர் அவர்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. முன்வண்டிக்குப் பின்னால் உருளையில் சுற்றியிருந்த இரும்பு வடத்தைக் காட்டினார். சண்டையில் அடிபட்டுக் கிடக்கும் டாங்கியை அந்த வடத்தால் மேடைக்கு இழுத்து, ஒர்க்‌ஷாப்புக்குச் சுமந்து வருவதுதான் இந்த வண்டியின் தொழிலாம். "பர்மாவில் நான் செத்ததைத்தான் சுமந்தேன். இவன் உயிரோடு இருக்கிறான். இருந்தும் மாப்பிள்ளை மாதிரி மேலே உட்கார்ந்து வருகிறான், பார்" என்று டாங்கியைச் செல்லமாகத் தட்டினார். நானும் சிரித்தேன். சுருட்டு நிஜமாகவே காரமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அழுகை இல்லை, கோபமும் இல்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல். "இருவது நாளுங்க. இன்னும் இருவதே நாளுங்க."

சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு வெங்காயக் காடு. கிளுவை வேலி போட்டு, பாத்தி கட்டி, பச்சைப் பசேலென்று இருந்தது. அந்த வறட்சியில் சுற்றுவட்டாரத்தில் பச்சையாகக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். வேலியோரத்தில் அரை நிஜாரும் தொப்பியுமாக ஒரு ஓவர்சியர், கையில் அளவு நாடா. அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு ரோட்டு வேலைக்காரர்கள் பத்துப் பேர். அவர் முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் வேலாத்தாள் என்று பிறகு தெரிந்தது. புருஷன் வால்பாறை எஸ்டேட்டில் வேலைக்குப் போயிருந்தார். காட்டைப் பார்த்துக்கொள்வது இவர்தான்.

விஷயம் இதுதான். பாலம் லாரியையும் டாங்கியையும் சேர்த்துத் தாங்காது. ஆகையால் ஆற்று மணலில் இறங்கி, பஸ் நிற்கும் அக்கரையில் ஏறவேண்டும். அக்கரையில் மேடு குறைவு, ஏறிவிடலாம். இக்கரையில் இறங்க வழி இந்தக் காடு.

"ஏனுங்க, வண்டிப்பாதை இருக்குதுங்களே. பாலம் கட்டுறதுக்கு முன்னால மாட்டுவண்டியெல்லாம் அதுலதானுங்க எறங்குச்சு" என்றார் வேலாத்தாள். வேலியை ஒட்டி ஒரு பழைய தடம் ஆற்றுக்குள் இறங்கியது உண்மை.

"அது பாதியில மடங்குதும்மா. இம்புட்டு நீள வண்டி அதுல எப்படித் திரும்பும்? நேரா விட்டாத்தான் எறங்கும். நேரா விட்டா ஒங்க காடு. நான் என்ன பண்ண?" என்றார் ஓவர்சியர்.

"தாள் சாயலீங்களே."

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பஸ் பிரயாணி ஒருவர் விளக்கினார். வெங்காயம் முற்றினால் அதன் தாள் தானாகக் கழுத்து மடங்கிச் சாயும். சாய்ந்த பிறகு பிடுங்கினால்தான் காயவைத்து, பட்டறை கட்டிச் சேமித்து வைக்கலாம். முன்னால் பிடுங்கியது அழுகிவிடும். வேலாத்தாள் போட்டிருந்தது அடுத்த பட்டத்துக்கு நடவேண்டிய விதை வெங்காயம். இது போனால் இந்தப் போகமும் இல்லை, அடுத்த போகத்துக்கு விதையும் இல்லை. கோடை முழுவதும் மாட்டைப் பூட்டி, கவலை என்கிற தோல்சாலால் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வளர்த்தது. திண்டுக்கல்லில் எனக்குக் கிடைத்த அரைத் தம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீரின் அருமை தெரிந்த ஒரு மனுஷியின் காட்டில் பொருட்காட்சிச் சாமானை ஓட்டுவதாம்!

நான் நடுவில் புகுந்தேன். தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷுக்குப் போனேன். யாரைக் கேட்டு இந்த வேலியில் கை வைக்கிறீர் என்றேன்.

"நீங்க யாரு சார்?"

"பிரயாணி."

"அப்ப பஸ்ஸுல போய் ஒக்காருங்க. ஏதோ நாறுது சார், அதையும் எடுத்துட்டுப் போங்க."

இதற்கு மேல் என்னை யார் பிடிக்க முடியும்? ரங்கூன் துறைமுகம் கட்டியதிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே ஒரு மரத்தடியை இறக்குவதற்குக்கூட வீட்டுக்காரனைக் கேட்பார்கள் என்றேன். இது நிஜமில்லை, ஆனால் அந்த நேரத்தில் நிஜமாகவே பட்டது. ஓவர்சியர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ராணுவ அதிகாரி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. ஆற்றுக்கு இறங்க நாலு மணிக்குள் ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. அதிகாரி ஜீப்பில் திண்டுக்கல்லுக்கு, மதுரைக்குப் போன் பண்ணப் போயிருந்தார்.

"நாலு மணிக்கு அவரு வரும்போது வழி இல்லைன்னா எனக்கு வேலை இல்லை சார். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். அவர் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்ப மடித்துப் பிரித்ததைப் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி. ரெண்டு மணி வரைக்கும் வேலியத் தொடமாட்டோம். அதுக்குள்ள அந்தம்மா எடுக்கிறத எடுத்துக்கிரட்டும்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ் பிரயாணிகள் சிலர் என் தோளில் தட்டினார்கள். வேலாத்தாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு காட்டுக்குள் இறங்கினார். குனிந்து முதல் தாளைப் பிடித்தபோது அவர் கண் என் பக்கம் இல்லை.

களத்தில் நெல் காயும்போது மழை வந்தால் ரோட்டில் போகிறவனும் இறங்கி அள்ளிப்போட்டுவிட்டுத்தான் போவான். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மழைக்குப் பதிலாக டாங்கி வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சூடம் காட்டிய பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஊர்ப் பெண்கள் வந்தார்கள். மல்லிகைக்கார அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். கண்டக்டர் இறங்கினார். ரோட்டு வேலைக்காரர்களிலும் நாலு பேர், ஓவர்சியர் பார்க்காத பக்கமாக. நானும் டப்பாவை வேலியோரம் வைத்துவிட்டுப் பிடுங்கினேன். பிஞ்சுப் பிஞ்சாக, வெள்ளையாக, கழுத்து தடித்த வெங்காயம். மண் ஈரமாக இருந்ததால் இழுத்தவுடன் வந்தது. அப்படி எளிதாக வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடுவில் சர்தார்ஜி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவரும் பயிர்த்தொழில் வீட்டுப் பிள்ளைதான் போலிருக்கிறது. பதறிப்போய், "இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, ஏன் பிடுங்குகிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு முதுகு பிளந்துகொண்டிருந்தது. "உங்கள் வண்டிக்காகத்தான்! உங்கள் தமாஷாவுக்காகத்தான்!" என்று கத்திவிட்டுக் குனிந்துகொண்டேன். அவர் இரண்டு கையையும் விரித்தார். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தார். பாஷை இல்லை. திரும்பிப் போய் வண்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்குக் காடு வெறும் மண்ணாகிவிட்டது. வெங்காயம் புளியமரத்தடியில் குவியலாகக் கிடந்தது. வேலியை வெட்டினார்கள். வரப்பைச் சரித்தார்கள். பாத்திகளின் மேல் வைக்கோல் பரப்பி, தென்னை மரத்துண்டுகளைப் போட்டுத் தட்டினார்கள். நேரான, அகலமான, அருமையான பாதை. ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

சொன்னபடி நாலு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரிக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. பாதையைப் பார்த்தார், வெங்காயக் குவியலைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார். இங்கிலீஷில் அவர் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன். "இது எதற்கு?"

"லாரி இறங்குவதற்கு, சார்."

"லாரி ஏன் இறங்கவேண்டும்? லாரி காலியாகப் பாலத்தில் போகும். டாங்கிக்குத்தான் வழி கேட்டேன். காலையிலேயே பார்த்தேன், அந்த வண்டிப்பாதை போதும். அதிலுள்ள புதரை வெட்டினால் முடிந்தது. டாங்கி நின்ற இடத்தில் திரும்புமே!"

சர்தார்ஜியும் ஜீப்பில் வந்திறங்கிய சிப்பாய்களும் அதற்குள் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சறுக்குப் பலகைகள் தரையில் விழுந்தன. ஒரு சிப்பாய் டாங்கிக்குள் இறங்கினான். கரும்புகை கக்கிக்கொண்டு அது உயிர் பெற்றது. பீரங்கியில் செவ்வந்தி மாலை ஆட, பின்பக்கமாகக் கீழே இறங்கியது. வண்டிப்பாதையில் போனது. மடக்கு வந்த இடத்தில் ஒரு பக்கச் சங்கிலிச் சக்கரத்தை நிறுத்தி, மறுபக்கத்தைச் சுற்றி, மாடு திரும்புகிற மாதிரி திரும்பியது. மணலைக் கடந்தது. அக்கரை ஏறியது. லாரி காலியாகப் பாலத்தில் ஊர்ந்து போய் அங்கே காத்திருந்தது. டாங்கி மறுபடி மேடையில் ஏறி உட்கார்ந்தது. ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஜனங்கள் கைதட்டினார்கள்! காலையிலிருந்து குனிந்து வெங்காயம் பிடுங்கிய அதே ஜனங்கள். கண்டக்டர் விசில் அடித்தார். அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் கேட்கிறது, இப்போதும் உடம்பு எரிகிறது. வேலாத்தாள் கைதட்டவில்லை. வைக்கோல் பரப்பிய காட்டின் நடுவில் நின்று, ஒரு சக்கரமும் படாத அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓவர்சியரின் மேல் பாய்ந்தேன். மனுஷனா நீர், ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா, டாங்கி நடக்கும் என்பது வண்டிக்காரனுக்குத் தெரியாதா என்று கத்தினேன்.

அவர் வெளிறிப்போயிருந்தார். "யாருகிட்டக் கேக்குறது சார்? அந்தச் சிங்குக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எனக்கு அவுக பாஷை தெரியாது. இங்க யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். இவன் உயிரோடு இருக்கிறான், இருந்தும் மேலே உட்கார்ந்து வருகிறான் என்று சர்தார்ஜி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. காலையில் விழவில்லை.

பஸ் பாலத்தைத் தாண்டி வந்து ஹாரன் அடித்தது. ஏறும்போது வேலாத்தாள் ஓடிவந்து, தாளோடு கட்டிய ஒரு வெங்காயக் கட்டை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "நமக்காக இம்புட்டுப் பேசுனீங்க. நீங்க இல்லீன்னா இதும் மண்ணோட போயிருக்குமுங்க." நான் அதை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு வரவில்லை. காலையிலிருந்து அத்தனை பேரைத் திட்டிய நாக்கு.

கீரனூரில் தங்கவேலுவின் அப்பா டப்பாவைத் திறந்து முகர்ந்ததும் கண்ணீர் விட்டார். ஙப்பியைச் சுட்டு, பச்சைமிளகாயும் அந்த வெங்காயமும் தட்டிப் போட்டுப் பிசைந்து எனக்கும் ஒரு உருண்டை வைத்தார். "என்னங்க தம்பி, வெங்காயம் இம்புட்டுப் பிஞ்சா இருக்குது? இத எவனுங்க புடுங்குனவன்?" என்றார். சர்தார்ஜி கேட்ட அதே கேள்வி அன்று இரண்டாம் தடவையாக என் காதில் விழுந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு நன்றாக இறங்கியது.

மூன்றாம் நாள் திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் இறங்கிக்கொண்டேன். கண்டக்டர் புது ஆள், "இங்க ஸ்டாப் இல்லைங்க" என்றார். அவரோடு சண்டை போடவில்லை. வேலியின் வாயில் கருவேல முள்ளை வெட்டிச் செருகியிருந்தது. வேலாத்தாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து, சந்தைக்குக் கீரையாகப் போடத் தாளை அரிந்து கட்டிக்கொண்டிருந்தார். குவியலின் அடியிலிருந்து புளித்த வாடை வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவா, கை கழுவவா என்று கேட்கவில்லை.

குடித்தேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அம்மா, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு அந்தச் சர்தார்ஜியின் பாஷை தெரியும்" என்றேன்.

அவர் அரிவாள்மணை முன்னால் மறுபடி உட்கார்ந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டார்.

"தெரியுமுங்க. நீங்க அவருகிட்ட நெருப்புக் கேட்டீங்களே, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் பாத்தனுங்க" என்றார். தாளை அரிந்து முடித்துக் கீழே வைத்தார். "நெருப்புக் கேட்டப்பவே இதையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."